கிட் கார்ல கதவோரமா தண்ணி ஒழுகுதா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

நான் இருக்கிறது தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த். கிட் கார்னா பாகங்கள வாங்கி நாமளே கட்டுற வண்டி; பீட்டில் அடிச்சட்டம் மேல ஃபைபர் கூபே பாடி ஏத்துன வண்டி ஒண்ணு நானே அப்படிக் கட்டி வச்சிருக்கேன், இது போக சனிக்கிழமை ஆனா ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துல இருந்து நம்ம ஆளுங்க அவங்க வண்டியக் கொண்டு வருவாங்க, சேர்ந்து வேலை பாப்போம். எஞ்சின் பத்தி கேக்குறவங்கள விட கதவு ஒழுகுது அண்ணேன்னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி. இந்த ஊர்ல வருசத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை, அதுல பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து மார்ச்சுக்குள்ள கொட்டிடும், அதனால இது சின்ன விசயம் இல்ல. திரும்பத் திரும்ப வர்ற கேள்விய எல்லாம் இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

கம்பெனி கார் எதுவும் ஒழுகல, கிட் கார் மட்டும் ஏன் ஒழுகுது?

கம்பெனி கார்ல கதவும் சட்டமும் இரும்பு அச்சுல அடிச்ச தகடு. லட்சம் வண்டி வந்தாலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சுத்திலும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கும், அந்த இடைவெளிக்குன்னே அளவெடுத்து டோர் பீடிங், அதாவது கதவச் சுத்தி வர்ற ரப்பர் பட்டை, பண்றாங்க. நம்ம ஃபைபர் பாடி அப்படி இல்ல. அச்சுக்குள்ள கண்ணாடி இழைப் பாய் விரிச்சு, ரெசின்ங்கிற பிசின் ஊத்தி, கையால உருட்டிப் பண்றது. ஒரு இடத்துல 3 மில்லி தடிமன் இருக்கும், ஒரு சாண் தள்ளி 6 மில்லி இருக்கும். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், முழுசா இறுகுறதுக்கு முன்னாடி அச்சுல இருந்து உருவிட்டாங்கன்னா கதவு லேசா முறுக்கிக்கும். என் வண்டில டிரைவர் பக்கக் கதவு அளந்தப்போ முன்பக்கம் கீழ 7 மில்லி, பின்பக்கம் மேல் மூலைல 17 மில்லி. எந்தக் கடைல வாங்குன பீடிங்கும் இந்த ரெண்டு இடத்தையும் சேர்த்து அடைக்காது, 7 மில்லில நசுங்கி கதவ சாத்த விடாது, 17 மில்லில தொடவே தொடாது. அதனாலதான் யார் வந்தாலும் முதல்ல ரப்பர் பக்கம் போகாதீங்கன்னு சொல்றேன், இடைவெளியப் பாருங்க.

எங்க ஒழுகுதுன்னே தெரியல, கார்ப்பெட் மட்டும் நனையுது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நெறைய எழுதணும், ஏன்னா பாதிப் பேர் கதவ சந்தேகப்பட்டு செலவு பண்றாங்க, ஓட்டை வேற இடத்துல இருக்கு.

எனக்கே நடந்தது சொல்றேன். குட் ஃப்ரைடே அன்னைக்கு அம்மாவக் கூட்டிட்டு ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போனேன், போற வழில நல்ல மழை. அம்மா மடில பூஜை தட்டு. ஒரு பத்து நிமிசம் கழிச்சு, "ஏம்ப்பா, காலு மேல தண்ணி சொட்டுது"ன்னாங்க. குனிஞ்சு பாத்தா கதவோட முன் கீழ் மூலைல இருந்து ஒவ்வொரு சொட்டா அவங்க பாதத்துல விழுது, பட்டுச்சேலை கரை முழுக்க நனைஞ்சு கருத்துப் போச்சு. மனசு கேக்கல. அந்த மாசமே டோர் பீடிங் மாத்துனேன், திரும்ப ஒழுகுச்சு, வேற சைஸ்ல இன்னொரு தடவ மாத்துனேன், அப்பவும் ஒழுகுச்சு. கடைசில டேஷ்போர்டு ஓரத்துல இருக்கிற கவரக் கழட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா முன் கண்ணாடி ரப்பரோட கீழ் மூலைல விரல் நகம் அளவு இடைவெளி. அங்க நுழைஞ்ச தண்ணி தூண் உள்பக்கமா ஓடி, கவருக்குப் பின்னால இறங்கி, கதவு மூலைல வந்து சொட்டி இருக்கு. ரெண்டு செட் பீடிங் காசும் வீண்.

அதனால டெஸ்ட் பண்றது இப்படி. ஒரு ஆள் உள்ள டார்ச்சோட உக்காரணும், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாம் கழட்டி வெளில போட்டுடுங்க. உள்ள சந்தேகப்படுற இடத்துல எல்லாம் முகத்துக்குப் போடுற பவுடரத் தூவி விடுங்க, தண்ணி ஓடுன தடம் பவுடர்ல கோடு மாதிரி தெளிவாத் தெரியும். வெளில இருக்கிறவர் ஹோஸ் பைப்புல நாசில் போடாம சும்மா வழியிற மாதிரி தண்ணி விடணும், கீழ இருந்து ஆரம்பிக்கணும். முதல்ல கதவோட அடிப்பக்கம் மட்டும் அஞ்சு நிமிசம், அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் கண்ணாடி ஓரம், கடைசிலதான் கூரையும் முன் கண்ணாடியும். மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு இறங்கும், எது உள்ள போச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது நல்லா இருக்கிற ரப்பரையும் தாண்டி உள்ள அடிக்கும், இல்லாத ஓட்டைய எல்லாம் காட்டும்.

இடைவெளிய அளக்குறது எப்படி? கதவு சாத்துனா உள்ள ஸ்கேல் போகாதே?

பிள்ளைங்க விளையாடுற களிமண் வாங்குங்க. கட்டைவிரல் தடிமனுக்கு உருண்டையா உருட்டி, சமையலறைல சாப்பாடு மூடுற மெல்லிசு பிளாஸ்டிக்ல சுத்தி, பீடிங் உக்கார வேண்டிய இடத்துல அரை அடிக்கு ஒண்ணா ஒட்டுங்க. கதவ மெதுவா சாத்தி, லாக் முழுசா விழுற வரைக்கும் அமுக்கி, திறங்க. நசுங்கி நிக்கிற களிமண்ண பிளேடால குறுக்க வெட்டி வெர்னியர்ல (நுணுக்கமா அளக்குற கருவி) தடிமன் பாருங்க. அந்த நம்பர அங்கயே பாடில மாஸ்கிங் டேப் ஒட்டி பேனாவால எழுதுங்க. நோட்டுல எழுதாதீங்க, எது எந்த இடம்னு அப்புறம் குழம்பும். கதவ சுத்தி ஒரு இருபது நம்பர் வரும், அதப் பாத்தாலே வண்டியோட ஜாதகம் கைல வந்த மாதிரி, எங்க கதவு முறுக்கி இருக்கு, எங்க கீல் தொங்குதுன்னு எல்லாம் புரிஞ்சிடும்.

அளந்தாச்சு, 6 மில்லில இருந்து 18 மில்லி வரைக்கும் வருது. இப்ப என்ன பண்றது?

முதல்ல கீல். கதவ பாதி திறந்து வச்சு நுனியப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. ஆட்டம் இருந்தா கீல் பின் தேஞ்சிருக்கும், இல்ல கீல் போல்ட் பிடிச்சிருக்கிற இடத்துல ஃபைபர் நசுங்கி இருக்கும். ஃபைபர்ல நேரா போல்ட் போட்டு வாஷரோட விட்டிருந்தா அது என்னைக்கா இருந்தாலும் தொங்கத்தான் செய்யும், பின்னால 3 மில்லி இரும்புத் தகடு வச்சு இறுக்கணும். இதச் சரி பண்ணாம பீடிங் ஒட்டுனா ஆறு மாசத்துல திரும்பவும் அதே இடத்துல நிப்பீங்க.

அடுத்து லாக் கொக்கி. அத உள்பக்கமா 1, 2 மில்லி தள்ளுனாலே பின்பக்கம் முழுக்க இடைவெளி குறையும். வெளிப்பக்கம் கதவும் பாடியும் ஒரே மட்டத்துல நிக்குதான்னும் கூடவே பாத்துக்கோங்க.

அதுக்கப்புறமும் மிச்சம் இருக்கிற வித்தியாசத்துக்குத்தான் பட்டி. இது கொஞ்சம் பொறுமையான வேலை ஆனா இதுலதான் முழு பலனும். கதவோட உள் விளிம்புல பிரவுன் பேக்கிங் டேப் ஒட்டிடுங்க. எல்லா இடத்துலயும் எவ்வளவு இடைவெளி வேணுமோ, உதாரணத்துக்கு 10 மில்லின்னு வச்சுக்கோங்க, அந்தத் தடிமன்ல ஒரு ரப்பர் பட்டையோ மரத் துண்டோ டேப்பு மேல ஒட்டி, அது மேலயும் டேப் போட்டு மெழுகு தேச்சிடுங்க, பட்டி ஒட்டாம இருக்க. சட்டத்துல பள்ளமா இருக்கிற இடத்த உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பாக்கி, ஃபைபர் இழை கலந்த பட்டிய தாராளமா வச்சு கதவ சாத்திடுங்க. பிதுங்கி வர்றத வழிச்சு எடுத்துட்டு, இறுகுன பிறகு திறந்தா கதவோட வளைவு அப்படியே சட்டத்துல பதிஞ்சிருக்கும். பத்து மில்லிக்கு மேல ஏத்தணும்னா பட்டி மட்டும் போதாது, வெடிச்சுப் போகும், கீழ ஃபைபர் பாய் ரெண்டு மூணு அடுக்கு ரெசினோட போட்டுட்டு மேல பட்டி. மாஸ்க் கண்டிப்பா போடுங்க, கராஜ் கதவத் திறந்து வைங்க, ஃபைபர் தூசி நெஞ்சுக்குள்ள போகக் கூடாது, இதுல விளையாட்டே வேண்டாம்.

எந்த பீடிங் வாங்கணும்? கடைல பத்து வகை தொங்குது.

ரப்பர்னா ஈபிடிஎம் ரப்பர்னு கேட்டு வாங்குங்க. வெயில், ஓசோன், மழை எல்லாத்தையும் தாங்குறது அதுதான். ஜன்னலுக்கு ஒட்டுற மெல்லிசு ஃபோம் ஒண்ணு மலிவா கிடைக்கும், ஒரு கடைக்காரர் கார் கதவுக்கு ஏத்ததுன்னு சொல்லி எனக்கு வித்தார், ஒரு மழைக்கே அது இட்லித் துணி மாதிரி தண்ணிய உறிஞ்சி வச்சுக்கிட்டு மூணு நாள் சொட்டுச்சு. ஃபோம் வாங்குறதுன்னா ஒரு துண்டு வெட்டி தண்ணில அமுக்கிப் பிழிஞ்சு பாருங்க, தண்ணி வந்தா வேண்டாம். உள்ள இருக்கிற குமிழி எல்லாம் தனித்தனியா மூடி இருக்கிற ஃபோம்தான் வேணும்.

பொதுவா நமக்கு ஆகுறது ரெண்டு வகை. ஒண்ணு, ஒரு பக்கம் விளிம்பக் கவ்வுற வாய், இன்னொரு பக்கம் உள்ள காலியா இருக்கிற குழாய். வாய்க்குள்ள இரும்பு கிளிப் இருக்கும். இதுல எல்லாரும் மாட்டுற இடம் விளிம்புத் தடிமன். சாதாரணமா இந்த வாய் 1ல இருந்து 4 மில்லி வரைக்கும்தான் கவ்வும், ஏன்னா அது தகட்டுக்குப் பண்ணது. நம்ம ஃபைபர் விளிம்பு 5, 6 மில்லி இருக்கும், சுத்தியால தட்டி ஏத்துனா வாய் விரிஞ்சு பிடி விட்டுடும், பத்து நாள்ல பீடிங் தொங்கும். ஒண்ணு விளிம்ப கிரைண்டர்ல சீரா மெலிசாக்குங்க, இல்ல பெரிய வாய் உள்ளது தேடுங்க. ரெண்டாவது வகை, பின்னால டேப் வச்ச அரைவட்டக் குழாய், விளிம்பே இல்லாத வண்டிக்கு இதுதான்.

குழாய் சைஸ் கணக்கு ரொம்ப சுலபம். கதவு சாத்துனா குழாய் அதோட உயரத்துல மூணுல ஒரு பங்கு நசுங்கணும். 10 மில்லி இடைவெளிக்கு 15 மில்லி குழாய். பாதிக்கு மேல நசுங்குனா கதவு சாத்த கஷ்டம், ரப்பரும் சீக்கிரம் தட்டையாப் போயிடும்.

ஒட்டுறதுல ஏதாவது முறை இருக்கா?

இருக்கு. இழுத்து ஒட்டாதீங்க. ரப்பர இழுத்துப் பிடிச்சு ஒட்டுனா அன்னைக்கு அழகா இருக்கும், ரெண்டு வாரத்துல அது பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலைல எல்லாம் தூக்கிக்கும், தண்ணி அங்கதான் வரும். மூலைல கொஞ்சம் உள்ள தள்ளி, தளர்வாவே விட்டு ஒட்டுங்க. ஆரம்பமும் முடிவும் கதவோட அடில, நடுவுல வரட்டும், மேல ஒருநாளும் ஜாயின்ட் வைக்காதீங்க. வெட்டும்போது 3, 4 மில்லி கூட விட்டு நேரா வெட்டி, ரெண்டு முனையும் ஒண்ண ஒண்ணு முட்டுற மாதிரி சூப்பர் க்ளூல ஒட்டுங்க. டேப் வகைன்னா ஒட்டுறதுக்கு முன்னாடி பெயின்ட்ட ஸ்பிரிட்ல துடைச்சு காய விடணும். நம்ம ஊர் ஜனவரி மாச ஈரக் காத்துல காலைல பாடி மேல பனி மாதிரி ஈரம் படிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதனால மத்தியானத்துக்கு மேல ஒட்டுங்க.

ஒட்டி முடிச்சதும் சாக்பீஸ் எடுத்து ரப்பர் மேல முழுக்கத் தேச்சு கதவ சாத்தித் திறங்க. கதவுல கோடு விழாத இடம் எது, அங்க இன்னும் தொடல. கடை பில்லு மாதிரி ஒரு சின்னக் காகிதம் வச்சு சாத்தி இழுத்துப் பாக்குறதும் நல்ல டெஸ்ட்தான், எல்லா இடத்துலயும் ஒரே இறுக்கம் தெரியணும்.

புது பீடிங் போட்டதுல இருந்து கதவு சாத்தவே மாட்டேங்குது, ஓங்கி அடிக்க வேண்டி இருக்கு.

குழாய் ரப்பர்ல அங்கங்க ஊசி ஓட்டை இருக்கும், உள்ள இருக்கிற காத்து வெளில போக. பெயின்ட்லயோ பசைலயோ அது அடைஞ்சு போச்சுன்னா குழாய் பலூன் மாதிரி எதுத்து நிக்கும். ஓட்டை இல்லன்னா தண்ணி படாத உள்பக்கமா அரை அடிக்கு ஒண்ணு ஊசியச் சூடு பண்ணிக் குத்தி விடுங்க. அடுத்து, ஜன்னலக் கொஞ்சம் இறக்கிட்டு சாத்திப் பாருங்க, சுலபமா சாத்துச்சுன்னா வண்டிக்குள்ள காத்து அடைபடுதுன்னு அர்த்தம், அது நல்ல அறிகுறி. அதுவும் இல்லன்னா ரப்பர் பெருசு, மேல சொன்ன கணக்க திரும்பப் பாருங்க. ஃபைபர் கதவ தினமும் ஓங்கி அடிச்சா கீல் கிட்ட நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும்.

திருப்பத்துல போகும்போது கதவுக்குள்ள தண்ணி குலுங்குற சத்தம் கேக்குது.

ஏத்தி இறக்குற கண்ணாடி இருக்கிற எந்தக் கதவுலயும் தண்ணி உள்ள போகும், கம்பெனி கார்லயும் போகும். கண்ணாடி கதவுக்குள்ள இறங்குற இடத்துல இருக்கிற ரப்பர் தண்ணிய வழிச்சு விடத்தான், முழுசா அடைக்க இல்ல. உள்ள போன தண்ணி கீழ ஓட்டை வழியா வெளில வரணும். உங்க கதவுல அந்த ஓட்டையே போட்டிருக்க மாட்டாங்க, இல்ல அடைஞ்சிருக்கும். கதவு அடிப்பாகத்துல ஆக ஆழமான இடத்துல, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு, 8 மில்லி டிரில் போடுங்க. முக்கியமா, அந்த ஓட்டை பீடிங்குக்கு வெளிப்பக்கமா வரணும். உள்பக்கமா போட்டா நீங்களே தண்ணிய கார்ப்பெட்டுக்கு அனுப்புன கணக்கு.

கதவு அட்டைக்குப் பின்னால தடிமனான பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு வேணும், கட்டுறவங்க நெறைய பேர் இத விட்டுடுறாங்க. ப்யூட்டைல் டேப்னு கறுப்பா, பிசினு மாதிரி ஒண்ணு வரும், அத வச்சு சுத்தி ஒட்டுங்க. ஷீட்டோட அடி ஓரத்த கதவுக்குள்ள மடிச்சு விடுங்க, அப்பதான் ஷீட்ல வழியிற தண்ணி கதவுக்குள்ளயே விழுந்து ஓட்டை வழியா வெளில போகும். ஸ்பீக்கர் ஓட்டைக்குப் பின்னாலயும் ஷீட் இருக்கணும், இல்லன்னா ஸ்பீக்கர் காகிதம் ஊறிப் போயிடும்.

என்னோடது செவன் மாதிரி வண்டி, கதவே துணிதான். இதுக்கு என்ன வழி?

லோட்டஸ் செவன் 1957ல வந்தது, ஓட்டத்துக்குன்னு பண்ண வண்டி, மழை பத்தி யாரும் பெருசா யோசிக்கல. நம்ம பைன்டவுன்ல இதே மாதிரி வண்டி பண்ற பர்க்கின் கம்பெனி 1982ல ஆரம்பிச்சதுல இருந்து இந்த வகை வண்டி நம்ம பக்கம் நெறைய. இதுல ரப்பர் வச்சு அடைக்கப் பாக்காதீங்க, ஓட்டுக்கூரைய நினைச்சுக்கோங்க. மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறி இருக்கும், அதான் ஒழுகாது. அதே மாதிரி கூரைத் துணி கதவுத் துணிக்கு வெளிப்பக்கமா ரெண்டு இஞ்ச் தொங்கணும், கதவுத் துணியோட அடி பாடிக்கு வெளிப்பக்கமா தொங்கணும். பாதி வண்டில கதவு அடிய உள்ள செருகி விட்டிருப்பாங்க, தண்ணி நேரா மடில இறங்கும். முன் கண்ணாடித் தூணுக்கும் கதவுக்கும் நடுவுல கீல் இருக்கிற இடத்துல ஒரு துணி மடிப்பு தைச்சு தூணச் சுத்தி வெளில மூடி விடுங்க, சீட் தைக்கிற கடைல அரை மணி நேர வேலை. தைச்ச ஊசி ஓட்டை வழியாவும் கசியும், டென்ட்டுக்குத் தடவுற தையல் சீலர் உள்பக்கமா தடவுங்க.

கதவு கூரை வரைக்கும் வெட்டி இருக்கிற, ஃபோர்டோட பழைய ரேஸ் கார் ஜிடி 40 மாதிரி வண்டிக்கு?

ரொம்ப கஷ்டமான வகை, ஏன்னா கதவோட மேல் விளிம்பு கூரைல படுத்துக் கிடக்குது, மழை நேரா அந்தக் கோட்டுல விழும். அங்க ரப்பர் ரெண்டாவது காவல்தான், முதல் காவல் வாய்க்கால். சட்டத்துல பீடிங்குக்கு வெளிப்பக்கமா சுத்திலும் ஒரு பள்ளம் இருக்கணும், 8 மில்லி ஆழமாவது, அது முன்னாலயும் பின்னாலயும் சாய்ஞ்சு தூண் வழியா வெளில கொட்டணும். பள்ளம் இல்லன்னா ஃபைபர்ல கட்டி எடுங்க. கதவத் திறக்கும்போது கூரைல நிக்கிற தண்ணி சீட்ல விழும், அதுக்கு கூரைல ஒரு சின்ன ரப்பர் வரப்பு ஒட்டுனா போதும்.

சிலிக்கான் வச்சு அப்பிட்டா முடிஞ்சது இல்லையா?

வேண்டாம். திறந்து மூடுற இடத்துல அது நிக்காது. வினிகர் வாசம் வர்ற சிலிக்கான் இரும்பத் துரு ஏத்தும், அது பட்ட இடத்துல பின்னால பெயின்ட் ஒட்டாது, மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா விலகி நிக்கும். அசையாத ஜாயின்ட்டுக்கு, அதாவது முன் கண்ணாடி மூலை, கீல் போல்ட், வயர் போற ஓட்டை இதுக்கெல்லாம் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்க.

எவ்வளவு நாள் வரும்? என்ன பராமரிப்பு?

கடலோர ஊரு, உப்புக் காத்தும் வெயிலும் ரப்பருக்கு ஆகாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவ சோப்புத் தண்ணில துடைச்சு சிலிக்கான் கிரீஸ் லேசா தடவுங்க. வாசலின், என்ஜின் ஆயில் எதுவும் தடவாதீங்க, ஈபிடிஎம் ஊதிப் போகும். மாமரத்தடில நிறுத்துறவங்க பூ கொட்டுற மாசத்துல வாரத்துக்கு ஒரு தடவ கதவு அடி ஓட்டைய கம்பி விட்டுக் குத்தி விடணும், அந்தப் பூத்தூள் ஊறுனா களி மாதிரி அடைச்சுக்கும்.

ஏற்கெனவே நனைஞ்சு நாறுது, என்ன செய்ய?

கார்ப்பெட்ட மட்டும் காய வச்சா பத்தாது, அதுக்கு அடில இருக்கிற மெத்தைதான் தண்ணிய வச்சிருக்கும். ரெண்டையும் எடுத்து வெளில போடுங்க. வண்டி அடிச்சட்டத்தோட சதுரக் குழாய் அடில தட்டிப் பாருங்க, தண்ணி நின்னா மந்தமான சத்தம் வரும். துரு உள்ள இருந்துதான் தின்னும், வெளில தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

நிறுத்தி வச்சு ஹோஸ் அடிச்சா ஒழுகல, பலிட்டோ ரோட்டுல வேகமா போனா மட்டும் ஒழுகுது. ஏன்?

வேகமா போகும்போது கதவுக் கண்ணாடிக்கு வெளில காத்து அழுத்தம் குறையும், கதவோட மேல் பகுதிய வெளிப்பக்கமா இழுக்கும். ஃபைபர் கதவு, அதுலயும் கண்ணாடிச் சட்டம் மெலிசா இருந்தா, 2, 3 மில்லி விலகிடும், ரப்பர் விட்டுப் போகும். அப்புறம் பக்கவாட்டுல அடிக்கிற காத்து தண்ணிய உள்ள தள்ளும். கண்டுபிடிக்க நம்ம வீட்டு ஊதுபத்தி போதும். ஹீட்டர் ஃபேன வெளிக்காத்து எடுக்கிற மாதிரி வச்சு முழு வேகத்துல போடுங்க, ஃபேன் இல்லாத வண்டின்னா இலை ஊதுற மெஷின் குழாய ஒரு ஜன்னல் வழியா விட்டு சுத்தி டேப் போட்டு அடைங்க. காத்து அடிக்காத நேரமாப் பாத்து, வெளில ஒரு ஆள் ஊதுபத்திய பீடிங் ஓரமா மெதுவா நகர்த்திட்டே வரணும், புகை எங்க சட்டுன்னு விலகி ஓடுதோ அங்க மாஸ்கிங் டேப்ல குறி வைங்க. நிக்கும்போதே கசிவு காட்டுனா அங்க ரப்பர்தான் மெலிசு. எதுவும் காட்டலன்னா உள்ள இருந்து கண்ணாடிச் சட்டத்தோட மேல் மூலைய கையால வெளில தள்ளிப் பிடிச்சுட்டு திரும்ப ஊதுபத்தியக் காட்டிப் பாருங்க, அப்ப புகை விலகுச்சுன்னா அங்க மட்டும் 3 மில்லி பெரிய குழாய் போடணும், சட்டம் ரொம்ப மெலிசா இருந்தா உள்ள ஒரு இரும்புக் குழாய் வச்சு ஃபைபர் போட்டுக் கட்டணும். ஞாயித்துக்கிழமை காலைல பத்தி கொளுத்துனா மத்தியான சாப்பாட்டுக்குள்ள ரெண்டு கதவும் முடிஞ்சிடும்.